ஒரு மொட்டுக்கு எத்தனை பெயர்

மார்ச் 6, புதன்

மொட்டு விட்டிருக்கிறது.

இன்று இதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை. பால்காரரிடம் சனிக்கிழமை பால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

நேற்று எழுதியதைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆயுளெல்லாம் தபால் ஆபீசில் உட்கார்ந்தவள் நான். முகவரி இல்லாத சமாசாரம் எனக்குப் பிடிக்காது. ஆகவே விவரமாக.

நான் கமலவேணி, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், ஏற்காடு. வீட்டுக்குப் பின்னால் பச்சை வலைக் கொட்டகையில் ஆர்க்கிட் செடிகள் வைத்திருக்கிறேன். வளர்ப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம். நான் இனங்களைக் கலந்து புதுச் செடி உண்டாக்குகிறவள். ஏழு வருஷத்துக்கு முன் 'விசிறி' என்று நான் கூப்பிடும் செடியின் பூவில், 'பன்னீர்' என்று கூப்பிடும் செடியின் மகரந்தத்தை வைத்தேன். இரண்டுமே பல்போபில்லம் என்ற வகை. விசிறி பார்க்க லட்சணம், வாசனை கிடையாது. பன்னீருக்கு வாசனை கல்யாண வாசல் மாதிரி, முகம்தான் சுமார். இரண்டும் கூடினால் லட்சணமும் வாசனையும் உள்ள பிள்ளை பிறக்கும் என்பது என் கணக்கு.

காய் முற்றியது. விதை என்றால் தூசிதான், தும்மினால் வம்சமே போய்விடும். கடல்பாசி, வாழைப்பழம், இளநீர் எல்லாம் சேர்த்துக் கூழ் காய்ச்சி, பாட்டில்களில் ஊற்றி, குக்கரில் அவித்து, அதில் விதைத்தேன். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் சோறு வடித்துத்தான் சாப்பிட்டோம், குக்கர் பூவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தனை பாட்டிலில் ஒரே ஒரு கன்று பிழைத்தது. அதுதான் இப்போது மொட்டு விட்டிருக்கிறது.

இந்த உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு செடிகளைக் கலந்து முதலில் பூக்க வைத்துப் பதிவு செய்கிறவர் வைப்பதுதான் பெயர். அப்புறம் யார் எந்த நாட்டில் அதே இரண்டைக் கலந்தாலும் அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். பூத்த பிறகுதான் பதிவு. மொட்டுக்குப் பதிவு கிடையாது.

பெயர் விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 8, வெள்ளி

காப்பித்தூள் வாங்கினேன். பாதிக்குப் பாதி சிக்கரி. விலை பாதி. என் கணவருக்குத் தெரியப்போவதில்லை.

மார்ச் 11, திங்கள்

சிக்கலை எழுதிவிடுகிறேன். பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு.

இதில் என் தப்பு எதுவும் இல்லை. கொட்டகைக்கு இடம் வேண்டியிருந்தது. பக்கத்து மனை என் நாத்தனார் செண்பகவல்லி அண்ணியுடையது. "அண்ணி, புதுப் பூவுக்கு உங்க பேருதான்" என்றேன். வேலிக்கல்லை அவரே பிடுங்கிப் போட்டார். புயல் மழையில் ஊரே இருட்டில் கிடந்தபோது, பாட்டில்கள் இருந்த அறையில் மின்விசிறி ஓட வேண்டியிருந்தது. லைன்மேன் குழந்தைவேலுவிடம், "உம் பொண்ணு யாழினி பேரு வெக்கலாம்னு இருக்கேன்" என்றேன். முதல் கம்பி எங்கள் வீட்டுக்குத்தான் இழுத்தார். விசிறிச் செடியின் துண்டைத் தந்தது மலையோர ஆர்க்கிட் சங்கத் தலைவர் ஜெபமணி சார். அவருக்கு மனைவி, மக்கள் யார் பெயரும் வேண்டாமாம். செத்துப்போன அவருடைய பொமரேனியன் நாய் ஜூலியின் பெயர் வேண்டுமாம். சரி என்று தலையாட்டினேன்.

இன்னும் சில சில்லறை வாக்குறுதிகளும் உண்டு. பல் டாக்டர், எரு கொண்டு வருகிறவர், அப்படி. ஏழு வருஷத்தில் யாராவது ஒருவர் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். இந்த ஊரில் பஞ்சாயத்து வரியை மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

எனக்கென்று ஆசை எதுவும் இல்லை. பால் கார்டின் பின்பக்கம் 'பல்போபில்லம் கமலவேணி' என்று எழுதியிருப்பது பேனா எழுதுகிறதா என்று பார்ப்பதற்காக.

மார்ச் 19, செவ்வாய்

மொட்டு கட்டை விரல் அளவு. என் கணக்குப்படி இவ்வளவு பெரிதாக வரக்கூடாது. நல்ல ஊட்டம் போலிருக்கிறது.

காலையில் என் கணவர் தண்டபாணி மொட்டின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி இங்கே விவரமாக எழுதியதில்லை, எழுதும்படி அவர் எதுவும் செய்வதுமில்லை. முன்பு காப்பி வாங்கும் கம்பெனியில் ருசி பார்க்கிறவராக இருந்தார். ஒரு பிடி கொட்டையை முகர்ந்தால் எந்த எஸ்டேட், காய வைத்தபோது மழை பெய்ததா, சாக்கு புதுசா பழசா, எல்லாம் சொல்லுவார். தெருமுனையில் வரும்போதே எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு போட மறந்ததைச் சொல்லுவார். பெரிய தொல்லை. மூன்று வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில் வாசனை தெரிவது அடியோடு நின்றுவிட்டது. வேலையை விட்டார். இப்போது எதைப் போட்டாலும் சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறது என்கிறார். வீட்டில் நிம்மதி.

இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மார்ச் 20, புதன்

அவர் டம்ளரை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பதை இன்றும் பார்த்தேன். நான் சமையலறைக்குப் போய் ஏதோ பாத்திரத்தைத் தேய்த்தேன். அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

செண்பகவல்லி அண்ணி வந்தார். பட்டுச் சேலையில் குத்திக்கொள்ள, பூப் படம் போட்ட பேட்ஜ் மாதிரி ஏதாவது அடித்துத் தருவார்களா என்று கேட்டார். மாதக் கடைசியில் ஆர்க்கிட் சங்கம் நடத்தும் கண்காட்சி மேடையில் தான் எங்கே உட்கார்வது என்றும் கேட்டார்.

அவர் இருக்கும்போதே குழந்தைவேலு வந்தார். "மேடம், பாப்பா ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டுதுங்க. டீச்சர் கைதட்டுனாங்களாம்." அண்ணி என்னைப் பார்த்தார். நான் வாணலியைப் பார்த்தேன்.

"எதுக்கு கைதட்டுனாங்க?" என்றார் அண்ணி.

"பாப்பா நல்லா படிக்குதாம்," என்றேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். பாயசம். ஜெபமணி சார் ஜூலியின் போட்டோவை சட்டம் போட்டுக் கொண்டுவந்தார், கண்காட்சியில் பூவுக்குப் பக்கத்தில் வைப்பதற்காம். அண்ணி வரும் சத்தம் கேட்டதால் அதை அரிசி டிரம்முக்குள் வைத்தேன். இரவு அளக்கப் போன என் கணவர், "கமலா, அரிசிக்குள்ள ஒரு நாய் இருக்கு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான்.

ஏப்ரல் 23, செவ்வாய்

நாளை மலர்ந்துவிடும். கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கிறது. கடவுள் என் பக்கம்.

ஏப்ரல் 24, புதன்

மலர்ந்தது. இவ்வளவு பெரிய பூவை என் கொட்டகையில் நான் கண்டதில்லை. ஒரு சாண் நீளம். கருஞ்சிவப்பு இதழ், அதில் மஞ்சள் கோடுகள், நடுவில் மயிர் மயிராக ஒரு நாக்கு, காற்றே இல்லாமல் ஆடுகிறது. பன்னீரின் சாயல் துளியும் இல்லை. பிள்ளை தாயைக் கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகையில் எலி செத்திருக்கிறது. தேட வேண்டும்.

ஏப்ரல் 25, வியாழன்

எலி கிடைக்கவில்லை. அண்ணி தன் வீட்டிலிருந்து விளக்குமாறும் பினாயிலும் கொண்டுவந்து எல்லாத் தொட்டியையும் நகர்த்திப் பார்த்தார். குழந்தைவேலு மீட்டர் பெட்டியைத் திறந்து, அணில் ஏதாவது கருகிக் கிடக்கிறதா என்று பார்த்தார். அடுத்த வீட்டுப் பூனை கொட்டகை வாசலில் வந்து பந்திக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஈ ஏராளம்.

என் கணவர் மட்டும் பூவுக்கு அரை அடி தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "என்ன அழகு, என்ன அழகு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 25, சாயங்காலம்

எலி இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. பூதான் நாறுகிறது. நாறுகிறது என்பது மரியாதையான சொல். மழையில் நனைந்த நெத்திலிக் கருவாட்டை மூடிய பஸ்ஸில் வைத்து மேட்டூர் வரை போனால் எப்படியோ, அப்படி.

இந்த வாசனையை எனக்குத் தெரியும். என்னிடம் முன்பு ஒரு செடி இருந்தது. 'கருவாட்டுக்காரி' என்று பெயர். பூ பெரியது, கருஞ்சிவப்பு, மயிர் நாக்கு. நாற்றம் தாங்காமல் அப்போதே யாருக்கோ கொடுத்துவிட்டேன். பன்னீர் பூத்த அதே வாரத்தில் அதுவும் பூத்தது. பின்னால் உதவும் என்று இரண்டின் மகரந்தத்தையும் எடுத்து, ஆளுக்கொரு ஹோமியோபதி மாத்திரைப் புட்டியில் போட்டு, பிரிட்ஜில் முட்டை வைக்கும் இடத்தில் வைத்திருந்தேன். விசிறி பூக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயம் ஜெபமணி சார் தண்ணீர் கேட்டு வந்து, பிரிட்ஜைத் திறந்தபோது எட்டி எட்டிப் பார்த்தார். நான் எதை எதோடு கலக்கப்போகிறேன் என்று அறிந்துகொண்டு முந்திக்கொள்ளப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். ஆகவே சீட்டுகளை மாற்றி ஒட்டினேன். பன்னீர் இருந்த புட்டியில் 'கருவாட்டுக்காரி' என்றும், கருவாட்டுக்காரி இருந்த புட்டியில் 'பன்னீர்' என்றும். என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். விசிறி பூத்ததும், ஞாபகமாக, 'கருவாட்டுக்காரி' என்று எழுதியிருந்த புட்டியைத் திறந்து வைத்தேன். அதற்குள் இருப்பது பன்னீர் அல்லவா.

அப்படியிருக்க இது எப்படி நடந்தது? சாப்பிடும்போது வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"அந்தப் புட்டிங்களா?" என்றார் என் கணவர், மோருக்குக் கை நீட்டியபடி. "நீ சீட்டை மாத்தி ஒட்டியிருந்த. மகரந்தம் எடுக்கறப்ப புட்டியைப் புடிச்சிருந்தவன் நான்தானே, எனக்குத் தெரியும். மூடியைத் தொறந்து மோந்தும் பாத்தேன். அப்ப மூக்கு இருந்துச்சே. பாவம் வேலை அலுப்புல தப்பா ஒட்டிப்புட்டாளேன்னு நான்தான் சரியா ஒட்டி வெச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தப்புப் பண்ணிட்டேன்னு உங்கிட்ட யாராவது சொல்லுவாங்களா?"

அதாவது நான் பொய்யை நினைவில் வைத்துக்கொண்டு புட்டியை எடுத்திருக்கிறேன், இவர் அதற்குள் உண்மையை ஒட்டி வைத்திருக்கிறார். ஏழு வருஷம். ஒரு வருஷம் குக்கர் சோறு கூட இல்லை. மோரை அவர் இலையில் ஊற்றாமல் என் இலையில் ஊற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

பூவுக்குத்தான் நாற்றம் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. வாக்குறுதிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. பெறுநர் வாங்க மறுத்த தபால் மாதிரி.

முதலில் செண்பகவல்லி அண்ணி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "ஏம்மா கமலா, எம் பேரு எதுக்கு? நான் என்ன பெரிய மனுஷியா. குலதெய்வம் பேரை வெச்சிரு."

"அண்ணி, இந்தப் பூவுக்கா குலதெய்வம் பேரு?"

"அதுவும் சரிதான். சாமி குத்தம் ஆயிரும். வேற யாராச்சும் ஆகாதவங்க பேரா பாத்து வெச்சிரு."

குழந்தைவேலு கம்பத்தின் மேலிருந்தே சொன்னார். "மேடம், பாப்பாவுக்கு நாளைக்கு ஒரு நல்லது கெட்டது பாக்கணுமுங்க. பேரு பூவுல இருந்தா மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க." பாப்பா மூன்றாம் வகுப்பு படிக்கிறது.

ஜெபமணி சார் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. ஜூலியின் போட்டோவைத் திருப்பிக் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க கமலவேணி. ஜூலி எப்பவும் சாக்கடையில விழுந்து எந்திரிச்சுதான் வீட்டுக்கு வரும். அப்பக்கூட இப்படி இல்ல." போட்டோவிலிருந்து அரிசியைத் தட்டிக் கொடுத்தேன்.

நானும் யோசித்தேன். பெண்கள் பெயரைப் பூவுக்கு வைப்பது பழைய பழக்கம். பால் கார்டைக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 26, படுக்கும் முன்

பதிவே வேண்டாம், கண்காட்சியும் வேண்டாம், பூவை வெட்டிக் குப்பையில் போடப்போகிறேன் என்று கத்திரிக்கோலை எடுத்தேன். கொட்டகையில் என் கணவர் முக்காலியில் இருந்தார்.

"வெட்டப் போறியா?" என்றார்.

"யாருக்கும் வேண்டாம். என்ன பேரு வெக்கறது இந்தச் சனியனுக்கு?"

அவர் பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாருக்குமே வேண்டாம்னா எம் பேரை வெச்சுக்கயேன். எனக்குத்தான் நாறாதே."

கத்திரிக்கோலைத் தொட்டி விளிம்பில் வைத்தேன். இடத்துக்கு, கரண்டுக்கு, செடித் துண்டுக்கு, பல் வலிக்குக் கூட ஆளாளுக்குப் பெயரை வாரி வழங்கினேன். பாட்டில்களை அவித்தவர், இருபது படி ஏறித் தண்ணீர் சுமந்தவர், குளிர் நாளில் கன்றுக்குத் தன் மப்ளரைச் சுற்றியவர் இவர். இவருக்கு ஒரு தடவை கூடக் கொடுக்கத் தோன்றவில்லை. இவர் கேட்கவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. நாற்றத்தினால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று சொன்னேன், அவரும் சரி என்றார்.

ஏப்ரல் 27, சனி

மகன் இளங்கோவிடம் போனில் சொல்லிப் பதிவு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. தாய் விசிறி, தந்தை கருவாட்டுக்காரி. பெயர் பல்போபில்லம் தண்டபாணி. இந்த இரண்டையும் இதற்கு முன் யாராவது கலந்து பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடினானாம். ஒருவரும் இல்லை. "வேணும்னு யாரும்மா செய்வாங்க?" என்றான். அவனுக்குப் போன மாதம் அனுப்பிய ஊறுகாயை நினைத்து வருத்தப்படுகிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கண்காட்சி. எங்களுக்கு மட்டும் தனிப் பந்தல், வண்டி நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம். காற்று திரும்பியபோது பஜ்ஜிக் கடைக்காரர் சண்டைக்கு வந்தார்.

நடுவர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மாள். பல்போபில்லம் பற்றி நன்றாகத் தெரிந்தவர். கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, அளவுகோலை எடுத்து, பூவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நாற்றத்துக்கு மார்க் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை" என்று சொல்லிவிட்டு முதல் பரிசைக் கொடுத்தார். என் காது நம்பவில்லை. ஜெபமணி சார் காதும் நம்பவில்லை.

அதோடு இன்னொன்றும் சொன்னார். பரிசு வாங்கிய இந்த ஒரு செடிக்கு மட்டும் தனிப்பெயர் ஒன்று வைக்கலாமாம். வம்சத்தின் பெயர் தண்டபாணி, அதில் தேர்ந்தெடுத்த இந்தச் செடிக்குப் பின்னால் இன்னொரு பெயர். இதை அவர் மைக்கில் சொல்லியிருக்க வேண்டாம்.

அண்ணி எங்கிருந்தோ வந்துவிட்டார், மூக்கில் முந்தானை இல்லை. "செண்பகம்னு சுருக்கமா வெச்சாலும் போதும்." குழந்தைவேலு, "பாப்பா அழுவுதுங்க" என்றார். பாப்பா ஐஸ் தின்றுகொண்டிருந்தது. ஜெபமணி சார் பைக்குள்ளிருந்து சட்டம் போட்ட ஜூலியை மறுபடி எடுத்தார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர், "உம் பேரை எழுதும்மா, பால் கார்டுல எழுதியிருந்தியே" என்றார். இந்த மனிதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அட்டையில் எழுதி வைத்தார்கள்: பல்போபில்லம் தண்டபாணி, 'கமலவேணி'. எங்கள் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இரண்டு பெயரும் ஒன்றாக அச்சாவது இதுதான் முதல் தடவை. அப்போதும் பந்தி நடந்த இடத்தில் ஏதோ நாறியதாக ஞாபகம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கோப்பையை எங்கே வைப்பது என்று இடம் பார்த்தோம். டிவி மேல் நிற்கவில்லை. அரிசி டிரம் மேல் வைத்தேன். பூ நாளையோ மறுநாளோ வாடிவிடும். ஈக்கள் குறைந்திருக்கின்றன. பூனை மட்டும் நம்பிக்கையை விடவில்லை.

மே 2, வியாழன்

காலையில் நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். அவர் வழக்கம்போல் முக்காலியோடு கொட்டகைக்குள் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து வாசற்படியில் நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. விரலால் மூக்கைப் பிடித்திருந்தார்.

"கமலா," என்றார். "நாறுது."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைக்கவில்லை.

"என்ன நாறுது, சொல்லுங்க."

"கருவாடு. நெத்திலி. நல்லா உப்பு போடாத நெத்திலி." விரலை எடுத்தார், மறுபடி இழுத்தார், முகம் கோணியது, மறுபடி இழுத்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "ஐயோ, இப்படி நாறுதே, இதுக்கா எம் பேரை வெச்ச?"

இரண்டு பேரும் கொட்டகைக்குள் ஓடினோம். வாடப்போகிற அந்தப் பூவைச் சுற்றி நின்று மாற்றி மாற்றி முகர்ந்தோம். அண்ணி வேலிக்கு அப்பால் நின்று, இவர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

பிறகு வேறு பால் வைத்துக் காப்பி போட்டேன். கொட்டகைக்கே கொண்டுபோய் டம்ளரை நீட்டினேன். அவர் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, பழைய கம்பெனி நாட்களில் செய்வதுபோல ஒரே ஒரு மூச்சு இழுத்தார்.

"கமலா," என்றார். "இதுல பாதி சிக்கரி."

"ஆமாங்க."

"எவ்வளவு நாளா?"

"உங்க மூக்கு போன நாள்லேர்ந்து."

அவர் என்னை முறைத்துவிட்டு காப்பியைக் கொட்டகை மண்ணில் ஊற்றினார். கல்யாணமான நாளிலிருந்து என்னை யாரும் இவ்வளவு சந்தோஷமாகத் திட்டியதில்லை. மதியம் ரசத்தில் பெருங்காயம் தூக்கல் என்றார், சாதம் ஒரு கொதி முந்தி இறக்கியது என்றார், மோர் நேற்றையது என்றார். மூன்றும் உண்மை.

சாயங்காலம் கடைக்குப் போய்ச் சுத்தமான காப்பித்தூள் வாங்கி வந்தேன். வீட்டில் நிம்மதி போய்விட்டது.